1990இல் கொண்டுபோன மாமாவுக்கு ஜெனீவா என்ன செய்யும்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. வெளியே தெரிகிற கேள்வி இது: "2009இலிருந்து சர்வதேசம் தலையிட வேண்டும் என்று கேட்கிறோம், வருடா வருடம் ஜெனீவாவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், இது உண்மையில் நடக்கக்கூடிய காரியமா?" மற்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: 1990இல் திருகோணமலையில் வீட்டுக்குள் இருந்த மாமாவை இராணுவம் கொண்டுபோனது, அம்மம்மா இன்னும் காத்திருக்கிறா, அவவுக்கு என்ன சொல்வது. உங்களை எழுத வைத்தது இரண்டாவது கேள்வி என்றே நினைக்கிறேன். ஆனாலும் முதலாவதற்கு நேர்மையான பதில் இல்லாமல் இரண்டாவதுக்குப் போனால் அம்மம்மாவுக்கு இன்னுமொரு பொய் நம்பிக்கையைத்தான் கொடுப்போம்.

நான் திருகோணமலையில் சட்டத்தரணியாக இருக்கிறேன். காணாமலாக்கப்பட்டவர்களின் வீட்டாருக்கு முறைப்பாடு, சத்தியக்கடதாசி, ஆணைக்குழுக்களுக்கான மனு என்று எழுதிக்கொடுப்பது பல வருட வேலை. ஹேக்கிலோ ஜெனீவாவிலோ வழக்காடியவன் அல்ல. ஆகவே இங்கத்தைய நீதிமன்றங்கள் பற்றிச் சொல்வதை அனுபவமாகவும், வெளிநாட்டு அரங்குகள் பற்றிச் சொல்வதைப் படித்தறிந்ததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையீடு என்றதும் எங்கள் சனத்தின் மனதில் முதலில் வருவது யாராவது வந்து தடுப்பது. அது படையாக இருக்கலாம், பாதுகாப்புச் சபையின் கட்டளையாக இருக்கலாம். 2005இல் உலகத் தலைவர்கள் ஐ.நா.வில் கூடி, ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் பாதுகாப்புச் சபை மூலம் கூட்டாகச் செயற்படலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நான்கே வருடத்தில் வன்னியில் அதற்கான சோதனை வந்தது. இலங்கை விவகாரம் பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில்கூட முறைப்படி ஏறவில்லை. போர் முடிந்து பத்து நாளும் ஆகாத 2009 மே 27ஆம் திகதி ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை விசேட அமர்வு கூடி, இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 12 நாடுகள், ஒதுங்கியவை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. பேரவையின் பதிவில் இருக்கும் இந்தக் கணக்கைக் கசப்பாக இருந்தாலும் மறக்கக்கூடாது.

திருகோணமலைக்காரருக்கு இது புதிதாகவும் இருக்கக்கூடாது. வல்லரசுகள் எங்கள் ஊரை எப்போதும் துறைமுகம் வழியாகத்தான் பார்த்தன. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலை பெயர் சொல்லி வருகிறது. இந்தியாவின் நலனுக்குக் கேடாக வேறெந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் அதையோ இலங்கையின் வேறு துறைமுகங்களையோ கொடுக்கக்கூடாது என்றும், எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகப் புனரமைப்பது என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தாங்கிகள், எங்கள் ஊரின் சீனக்குடாவில் இருக்கும் 99 தாங்கிகள், பற்றி 2022 ஜனவரியிலும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். காக்க வந்த இந்திய அமைதிப்படை 1987 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளரையும் வைத்தியர்களையும் சுட்டது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் எங்கள் இறங்குதுறையிலிருந்து புறப்பட்டன. ஜூனில் மறுபடி போர் வெடித்தது. உங்கள் மாமாவைப் போன்றவர்களை வீடுவீடாகக் கொண்டுபோன காலம் அதுதான். வெளியிலிருந்து ஒரு படை வந்தால் என்ன ஆகும், அது தன் கணக்கை முடித்துக்கொண்டு போனால் யார் அகப்படுவார்கள் என்பதை இந்த ஊர் கண்ணால் கண்டது. அதனால் படைத் தலையீடு வரும் என்று சொல்கிற எவரையும் நம்பவேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. சேராத நாட்டை அங்கே கொண்டுபோக இரண்டு பெரிய வழிதான் உண்டு: அந்த நாடே சம்மதிக்க வேண்டும், அல்லது பாதுகாப்புச் சபை பாரப்படுத்த வேண்டும். சபை 2005இல் டார்பூரையும் 2011இல் லிபியாவையும் அப்படி அனுப்பியது. 2014இல் சிரியாவை அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவால் தடுத்தன. இலங்கைக்கு வேறு மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இன்னொன்றையும் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் 2002 ஜூலைக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குத்தான். கதவு நாளைக்கே திறந்தாலும் 1990இல் கொண்டுபோனவர்களின் வழக்கு நேராக அதற்குள் போகாது. கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் கொல்லப்பட்டவர்களின் வழக்கும் போகாது.

மற்றது ஹேக்கிலேயே இருக்கும் சர்வதேச நீதிமன்றம். அங்கே அரசை அரசுதான் வழக்குக்கு இழுக்க முடியும். இனப்படுகொலை உடன்படிக்கையில் இலங்கை 1950இலேயே சேர்ந்துவிட்டது. 2019இல் காம்பியா என்ற சின்ன நாடு மியன்மாருக்கு எதிராக ரோஹிங்கியா மக்களுக்காகப் போன வழி அது. எங்களுக்காகவும் ஒரு காம்பியா வரலாம், சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. ஆனால் அங்கே ஒரு இனத்தை இனமாகவே அழிக்கும் நோக்கம் இருந்தது என்று மிக உயர்ந்த அளவுகோலில் நிறுவ வேண்டும். கொலைகள் நடந்தன, வைத்தியசாலைகள் மேல் எறிகணை விழுந்தது, சரணடைந்தவர்கள் திரும்பவில்லை என்பதையெல்லாம் 2011இன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் 2015இன் ஐ.நா. மனித உரிமை உயர் ஸ்தானிகர் அலுவலக (இனி மனித உரிமை அலுவலகம்) விசாரணை அறிக்கையும் கனமாகவே சொல்கின்றன. நோக்கம் நீதிமன்றத்தில் நிலைக்குமா என்பது வேறு விஷயம், சட்டம் தெரிந்தவர்களே அதில் பிரிந்து நிற்கிறார்கள். எங்கள் வலி பெரியது என்பதற்காக அந்தச் சந்தேகத்தை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனம் வராது.

அப்படியானால் ஏன் எங்கள் தாய்மார் இன்னும் வெளியைப் பார்த்துக் கேட்கிறார்கள்? உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்ற மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள், இரண்டு பேர் காயத்தோடு தப்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் அதிகார தரப்பு சொன்னது. அந்தக் கதை நிலைக்காமல் போனதற்குப் பிரேத அறையில் எடுத்த படங்கள் பெரிய காரணம். சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்தவை அவை. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெளிவாகத் தெரிந்தது. மருத்துவ அறிக்கையும் அதையே சொன்னது. அதே மாதம் 24ஆம் திகதி காலை சுகிர்தராஜனையும் சுட்டுக் கொன்றார்கள்.

அதற்குப் பிறகு அரசு ஆணைக்குழு போட்டது. அதைக் கண்காணிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதியின் தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்றும் வந்தது. விசாரணை சர்வதேச தராதரத்துக்கு அருகில்கூட இல்லை என்று சொல்லி 2008இல் அவர்கள் போய்விட்டார்கள். ஆணைக்குழு அறிக்கை பாராளுமன்றத்துக்கு வரவே 2015 ஒக்டோபர் ஆனது. இடையில் 2013இல் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் கைதாகி, வழக்கு எங்கள் நீதவான் நீதிமன்றத்தில் சுருக்கமுறையற்ற விசாரணையாக, அதாவது மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய சாட்சியம் உண்டா என்று பார்க்கும் விசாரணையாக, நடந்தது. 2019 ஜூலை 3இல் சாட்சியம் போதாது என்று 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியம் எங்கே போனது? மிரட்டலுக்குப் பயந்து குடும்பங்கள் நாட்டை விட்டே போயிருந்தன. சாட்சியைத் துரத்திவிட்டுச் சாட்சி வரவில்லை என்று வழக்கை மூடுவது இங்கே பழகிப்போன வழி. நீதவானுக்கு முன்னால் இருக்கும் கோவையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்ல முடியும். கோவையை வெறுமையாக்கியது அதற்கு வெளியே இருந்த அதிகாரம்.

மூதூரிலும் அதே கதைதான். 2006 ஓகஸ்ட் 4இல் பிரான்ஸின் ஏ.சி.எப். தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு பாதுகாப்புப் படையினர் மேல் பொறுப்புச் சொன்னது. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடு செத்தவர்களுக்கே இன்றுவரை ஒரு குற்றப்பத்திரம் வரவில்லை. குமாரபுரத்தில் வழக்கு நடந்தது, கிராமத்துச் சனம் அனுராதபுரம் வரை போய்ச் சாட்சியும் சொன்னது. 2016 ஜூலையில் ஜூரிகள் ஆறு இராணுவத்தினரையும் விடுவித்தார்கள்.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நான் சொல்வதற்கு மரியாதை இருக்காது. 2015 அறிக்கை புலிகளையும் விசாரித்தது: சிறுவர்களைப் படையில் சேர்த்தது, பொதுமக்களைப் போர்முனையை விட்டு வெளியேற விடாமல் தடுத்தது, மாற்றுக் கருத்தாளரைக் கொன்றது. மூதூர் முஸ்லிம்கள் 2006இல் பட்ட பாட்டில் புலிகளுக்கும் பங்குண்டு. சர்வதேச விசாரணை கேட்பவர்கள் அது எல்லாரையும் விசாரிக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

இனி, உண்மையில் நடந்துகொண்டிருக்கும் தலையீட்டுக்கு வருவோம். பொறுப்புக்கூறல் பற்றிப் பேரவையில் 2015இல் இலங்கை அரசே இணை அனுசரணை வழங்கிய 30/1 தீர்மானத்திலிருந்து 2020 பெப்ரவரியில் புதிய அரசு விலகியது. அதன் விளைவாக 2021 மார்ச்சில் 46/1 தீர்மானம் 22 வாக்குகளோடு வந்தது. இந்த முறை பேரவை கொழும்பை நம்பி இருக்கவில்லை. சாட்சியங்களைச் சேகரித்து, பாதுகாத்து, பகுப்பாய்வு செய்து, எதிர்கால வழக்குகளுக்குத் தயாராக வைக்கும் ஒரு பிரிவை மனித உரிமை அலுவலகத்துக்குள் அமைத்தது. 2022, 2024, 2025 ஒக்டோபர் மாதங்களில் அதன் ஆணை நீடிக்கப்பட்டது. அது யாரையும் கைதுசெய்யாது, தண்டிக்காது. ஆனால் ஒரு வெளிநாட்டு வழக்குத்தொடுநர் நாளைக்கு ஒரு பெயரைத் தேடினால், அதற்கான கோவை அங்கே இருக்கும். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம், வேறு நாட்டில் நடந்த கொடுங்குற்றத்தையும் விசாரிக்க இடமளிக்கும் தன் சட்டத்தின்படி, சிரியாவின் முன்னாள் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சிரியாவை ஹேக்குக்கு அனுப்பச் சபையால் முடியாமல் போன பிறகும் அது நடந்தது. தப்பி வந்த சாட்சிகளும் சேகரித்து வைத்த ஆவணங்களும் இருந்தபடியால்தான் நடந்தது.

எங்கள் துறைமுகத்துக்குள்ளேயே அதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்ட 11 இளைஞர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் அடைத்து வைக்கப்பட்டதாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கண்டறிந்தது. 2015 நவம்பரில் ஐ.நா.வின் பலவந்தக் காணாமலாக்கல் செயற்குழு தளத்துக்குள் போய் அந்த இரகசியத் தடுப்பு அறைகளை நேரில் பார்த்தது. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மேல் குற்றப்பத்திரம் வந்தது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் வழக்கை விசாரித்த பொலிஸ் அதிகாரி சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடவேண்டி வந்தது. 2021இல் சட்டமா அதிபர் கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டைக் கைவிட்டார், அந்த வருடக் கடைசியில் அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். 2023 ஏப்ரலில் அமெரிக்கா அவர் நாட்டுக்குள் வரத் தடை போட்டது. 2025 மார்ச்சில் பிரித்தானியா அவரையும் முன்னாள் இராணுவத் தளபதிகள் சவேந்திர சில்வா, ஜகத் ஜயசூரிய, முன்னாள் புலித் தளபதி கருணா ஆகியோரையும் பயணத் தடையிலும் சொத்து முடக்கத்திலும் சேர்த்தது. குற்றம் மறுக்கிறவர் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறார், நீதிமன்றம் எதுவும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. தடை வேறு, தண்டனை வேறு. இருந்தாலும், ஆளுநர் மாளிகைக்கு அனுப்பப்பட்ட ஒரு பெயரை வெளியில் ஒரு பட்டியலில் எழுத வைத்தது அந்த இளைஞர்களின் பெற்றோர் விடாமல் சேர்த்த ஆதாரங்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது அம்மம்மாவின் கேள்வி. உங்கள் மாமாவைப் போலவே 1990 ஜூனில் திருகோணமலையில் வீட்டிலிருந்து இராணுவம் கொண்டுபோன ஒரு இளைஞனின் தகப்பன், ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு முறையிட்டார் (பேரவை வேறு, இது நிபுணர்களின் குழு). சம்பவம் பழையது, நாங்கள் தனிநபர் முறைப்பாட்டை ஏற்றதே 1997இல்தான் என்று அரசு வாதாடியது. மகன் எங்கே என்று சொல்லாத ஒவ்வொரு நாளும் மீறல் தொடர்கிறது என்று குழு அந்த வாதத்தைத் தள்ளியது. 2003 ஜூலையில் வந்த முடிவில் மகனுக்குச் செய்தது மட்டுமல்ல, காத்திருக்கும் தாய் தகப்பனுக்கு அரசு கொடுத்த வேதனையும் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சித்திரவதையைத் தடுக்கும் 7ஆம் உறுப்புரையை மீறிய கொடுமை என்று எழுதினார்கள். விசாரிக்க வேண்டும், உயிரோடிருந்தால் விடுவிக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். 2006இல் வேறொரு வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம், அந்த முறைப்பாட்டு வழியை ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்த வழியில் போனால் உள்நாட்டில் அமுலாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மம்மாவிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: அவ காத்திருப்பதே அரசு அவவுக்குச் செய்துகொண்டிருக்கும் அநியாயம் என்று, இதே ஊரில் இதே மாதிரிக் கதையில், ஒரு சர்வதேச அமைப்பு எழுத்தில் தீர்த்திருக்கிறது.

செய்யக்கூடியதும் இருக்கிறது. அநேகமாக அம்மம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கும். எங்கள் பகுதியில் அப்படி ஒரு பை இல்லாத தாயை நான் கண்டதில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம், ஏதாவது ஒரு ஜனாதிபதி ஆணைக்குழுவின் கடிதம், மங்கிப்போன பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. அந்தப் பொலிஸ் பிரதியை முதலில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சிங்களத்தில் எழுதியிருக்கும், வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்திருப்பா. "சீருடையில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள்" என்று அவ சொன்னது, எழுத்தில் "வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை" என்று மாறியிருப்பதைப் பல கோவைகளில் பார்த்திருக்கிறேன். திகதியும் ஒவ்வொரு கடிதத்தில் ஒவ்வொன்றாக இருக்கும். பின்னாளில் குறுக்கு விசாரணையில் ஆளைச் சாய்ப்பது இந்த வித்தியாசம்தான். எந்தக் காகிதத்தையும் திருத்தவோ கிழிக்கவோ வேண்டாம். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, எது ஏன் வேறுபடுகிறது என்பதைப் புதிய சத்தியக்கடதாசி ஒன்றில் அம்மம்மாவின் வாயால், தமிழில், தெளிவாக எழுதி, சமாதான நீதவான் முன் கையெழுத்து வையுங்கள். நேரில் கண்டவர்கள் இன்னும் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களிடமும் வாங்குங்கள், அதை இந்த வருடமே செய்யுங்கள்.

மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், 2016இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். மாமா இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே வங்கிக் கணக்கு, காணி போன்ற விஷயங்களைப் பார்க்க அது உதவும். அரசு அமைத்த காணாமற்போன ஆட்கள் அலுவலகத்தில் பதிவதா வேண்டாமா என்பதில் எங்கள் சங்கங்களுக்குள்ளேயே பிளவு இருக்கிறது. அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்கிற தாய்மாரின் கோபம் நியாயமானது. 2018இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து அது குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறவே இல்லை. அது அம்மம்மாவின் முடிவு, நீங்களோ நானோ எடுக்கும் முடிவல்ல.

வெளியில் நான் முதலில் பரிந்துரைப்பது ஜெனீவாவின் அதே பலவந்தக் காணாமலாக்கல் செயற்குழு. காசு தேவையில்லை, சட்டத்தரணி தேவையில்லை, உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டு வா என்ற நிபந்தனையும் இல்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே அனுப்பலாம். முழுப் பெயர், கொண்டுபோன திகதி, இடம், கொண்டுபோனது எந்தப் படை என்று நம்புகிறீர்கள், அதன் பிறகு தேட எடுத்த முயற்சிகள், இவ்வளவும் வேண்டும். அவர்கள் அரசிடம் கேள்வி கேட்பார்கள், ஆளுக்கு என்ன ஆனது என்று தெளிவாகும்வரை பொதுவாகக் கோவையை மூடமாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் யாராவது ஏற்கெனவே அனுப்பியிருக்கவும் கூடும், முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள். சத்தியக்கடதாசியின் பிரதியை மனித உரிமை அலுவலகத்தின் இலங்கைப் பிரிவுக்கும் அனுப்பலாம். ஊரில் இருக்கும் சாட்சிகளின் பெயரையோ முகவரியையோ முகநூலிலும் இந்தப் பக்கத்திலும் போடாதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்துப் போகப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவது இன்னும் நிற்கவில்லை. அந்தப் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று மட்டும், பெயர்களை விட்டுவிட்டு எழுதுங்கள். எதை முதலில் அனுப்புவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.